பழைய வீடும் பொங்கல் விடுமுறையும்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பழைய வீட்டை வாங்கிப் பார் என்று ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒருவேளை அதை அனுபவித்தே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் இந்த அனுபவம் 2025 பொங்கலுக்குக் கிடைத்தது. அதை நம் சிவில் பாடத்தோடு சேர்த்துச் சொன்னால் உங்களுக்கும் ஒரு நாள் உதவும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உறையூர். சோழர்களின் பழைய தலைநகரம். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தபோது செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்று கிடைத்தது. நெசவும் செங்கல்லும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 'உறை' என்றால் தங்கி வாழ்தல் என்று ஒரு பொருள். ஆனால் தங்கி வாழச் சொந்த வீடு கிடைப்பது இங்கேயும் லேசான காரியம் இல்லை. எங்கள் வெக்காளியம்மனுக்குக் கருவறையின் மேல் கூரை கிடையாது. மண்மாரி பெய்து ஊர் அழிந்தபோது ஜனங்கள் வீடிழந்து நின்றார்கள், எல்லாருக்கும் வீடு கிடைக்கும் வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வெட்டவெளியில் இருக்கிறாள் என்பது ஐதீகம். எங்கள் அம்மா வாடகை வீட்டில் இருந்த வருடங்கள் எல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் எங்கள் கைக்கு எட்டியது ஒரு பழைய நெசவாளர் வீடு. கிழமேல் 48 அடி, தென்வடல் 15 அடி. மொத்தம் 720 சதுர அடி, அதாவது ஒன்றேமுக்கால் சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. முன்பக்கம் இரண்டு அறைகளுக்கு மெட்ராஸ் டெரஸ், பின்பக்கம் சமையல்கட்டுக்கு நாட்டு ஓடு, நடுவே சின்ன முற்றம். சேமிப்பு, அக்கா கொடுத்த நகை, அதற்கு மேல் கடன் என்று எல்லாம் அதற்குள் போய்விட்டது. ரிப்பேருக்கு என்று மிஞ்சியது மிகவும் கொஞ்சம். எனவே எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதுதான் எங்களுக்கு முக்கியக் கேள்வி.

விடுமுறை முடிந்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். பழைய வீட்டில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கரண்ட், தண்ணீர், எடை. மூன்றுமே கடைசியில் மண்ணுக்குத்தான் போகப் பார்க்கும். போவதற்கு ஒழுங்கான வழி இருந்தால் வீடு நிற்கும், நாமும் நன்றாயிருப்போம். வழியை அடைத்தால் அது தானாக வேறு வழி தேடும். அந்த வழி நம் உடம்பாக இருக்கலாம், சுவராக இருக்கலாம், தலைக்கு மேலே உள்ள கட்டையாகவும் இருக்கலாம். பெயிண்ட், டைல்ஸ் எல்லாம் அப்புறம்தான்.

பத்திரம் பற்றி நாலு வார்த்தை

வீட்டைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார்க்க வேண்டும். மூலப்பத்திரம், குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, விற்பவருக்கு வேறு வாரிசுகள் உண்டா என்பதெல்லாம் பார்க்க வேண்டியவை. எங்களுக்குக் கிடைத்த பழைய வரி ரசீதுகளில் 'நகராட்சி' என்று அச்சாகியிருந்தது. திருச்சிராப்பள்ளி மாநகராட்சி ஆனது 1994ல். ஆக வீடு அதற்கு முந்தியது என்று காகிதமே சொல்லிவிட்டது.

பத்திரத்தில் சக்குபந்தி எழுதியிருப்பார்கள். நாலு எல்லையையும் நேரில் நின்று டேப் பிடித்துப் பாருங்கள். பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுச்சுவர் இருக்கும். அது யாருக்குச் சொந்தம் என்று பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பதிவுச் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வை வகையில் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்ச ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வாங்கப்போகும் நண்பர்கள் வீட்டில் சொல்லுங்கள்.

போகி: காலி செய், பிறகு பார்

மார்கழியில் குடிபோகக் கூடாது என்பது வழக்கம். அதனால் மார்கழியின் கடைசி நாளான போகியன்று (ஜனவரி 13, திங்கள்) சுத்தம் செய்வது, தை முதல் நாள் பால் காய்ச்சுவது என்று வீட்டில் முடிவாயிற்று. 14 முதல் 19 வரை ஆறு நாள் அரசே விடுமுறை விட்டிருந்தது. திங்கள் ஒரு நாள் மட்டும் நான் லீவு போட்டேன். ஹெச்.ஓ.டி. ஐயா மன்னிப்பாராக.

பழைய பாய், உடைந்த தறிச் சாமான், டப்பா எல்லாம் வெளியே வந்தது. இதில் டயர், பிளாஸ்டிக் எதையும் கொளுத்தவில்லை. காலி செய்ததும் நான் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். விரிசல் இருந்தால் ஒரு கோடு, ஈரக்கறை இருந்தால் ஒரு வட்டம், கரையான் மண் இருந்தால் ஒரு பெருக்கல் குறி. ஒரு நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் பூச்சு எங்கே செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரியும். கெட்டியான இடத்தில் 'டிக்', பிரிந்த இடத்தில் 'டொப்'.

முன் அறையில் தரையே 'டொப்' என்றது. அங்கே இருந்த கடப்பைக் கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் தறிக்குழி! குழித்தறியில் நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் பள்ளம் அது. முழங்காலுக்கு மேல் ஆழம். யாரோ குப்பையைப் போட்டு அரைகுறையாக மூடியிருந்தார்கள். உறையூரில் பழைய நெசவாளர் வீடு வாங்குபவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் வாங்க வேண்டும். மூடும் முறை நாம் படித்ததுதான். குப்பையை முழுக்க எடுத்துவிட்டு, 15 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்கு செம்மண் அல்லது மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடித்து, அடுத்த அடுக்கு போட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே சிமெண்ட் பூசினால் ஆறு மாதத்தில் தரை உள்வாங்கும்.

விரிசலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பழைய விரிசலா, வளர்கிற விரிசலா என்பதுதான் விஷயம். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராவிட்டால் அப்படியே இருக்கும். நாங்கள் மூன்று இடத்தில் ஒட்டினோம்.

பொங்கல்: முதலில் கரண்ட்

தை பிறந்து பால் பொங்கியது. அம்மா அழுதார்கள். அதை விரிவாக எழுதினால் கட்டுரை திசை மாறிவிடும், எனவே கரண்டுக்கு வருகிறேன்.

மத்தியானம் இ.இ.இ. பிரிவில் படிக்கும் என் நண்பன் பொங்கல் சாப்பிட வந்தான். அதுவரை மெயினை ஆஃப் செய்தே வைத்திருந்தோம். மரக்கட்டை ரீப்பர் மேல் ஓடும் பழைய வயரிங். பியூஸ் கட்டையில் அளவு தெரியாத தடித்த கம்பி. எல்லாவற்றுக்கும் மேலாக, எர்த் வயர் என்ற ஒன்றே இல்லை.

"பியூஸ் இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்று அப்பா கேட்டார். நண்பன் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த கையோடு இருக்கும் மனித உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இது ஆளைக் கொல்லப் போதும். ஆனால் 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5000 மில்லி ஆம்பியருக்கு. நாம் துடித்துக்கொண்டிருக்கும்போது பியூஸுக்கு ஒன்றும் தெரியாது. பியூஸ் வயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

ஆளைக் காப்பாற்ற இரண்டு வேண்டும். ஒன்று எர்த். கிரைண்டர், பிரிட்ஜ், மோட்டார் ஆகியவற்றின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால் அது நம் உடம்பைத் தேடாமல் நேரே மண்ணுக்குப் போக ஒரு சுலபமான வழி. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை மண்ணில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, ஈரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும்.

எங்கள் சிறு பணத்தில் முதல் செலவு இதற்குத்தான் போனது. ஆனால் வேலையை நாங்கள் செய்யவில்லை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்தார். மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் பொறுப்பு, அதற்குள் நாம் கை வைக்கக் கூடாது. நாம் படிப்பது டிப்ளமோ என்பதற்காக மெயினில் கை வைத்து வீரம் காட்ட வேண்டாம் நண்பர்களே.

மாட்டுப் பொங்கல்: மேலிருந்து வரும் தண்ணீர்

திருச்சிக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். அதனால் ஜனவரி மாதம் ஒழுகலைக் கண்டுபிடிக்க நல்ல காலம். கறை புதிதாக இருக்கும், மழையும் குறுக்கே வராது. சித்திரை, வைகாசி வெயிலுக்குள் சுவர் காய்ந்துவிடும், அப்போது பூச்சு வேலையை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். நம் காலத்து ஆர்.சி.சி. தளத்தில் கம்பி இருக்கும். இதில் கம்பியே கிடையாது. சுவருக்குச் சுவர் மரக்கட்டைகளை அடுக்கி, அதன் மேல் சன்னமான சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சாய்வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலம் போட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவது பழைய கொத்தனார்களின் பழக்கம். கடைசியாக மேலே தட்டோடு பதிப்பார்கள். தண்ணீர் ஓட வாட்டம் வைத்திருப்பார்கள்.

மாடியில் ஏறிப் பார்த்தால் தண்ணீர் இறங்கும் தூம்பு வேப்பிலையால் அடைத்துக் கிடந்தது. கைப்பிடிச் சுவர் மூலையில் ஒரு அரசங்கன்று. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, மாடி பூரா ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி வை. எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சிடும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். புது ஆர்.சி.சி. தளத்துக்கு அது சரி. ஆனால் இந்தத் தளத்துக்கு?

கணக்குப் போட்டேன். இரண்டு அறையும் சேர்த்து 20 அடிக்கு 12 அடி, 240 சதுர அடி. மீட்டரில் 22.3 சதுர மீட்டர். இரண்டு அங்குலம் என்றால் 5 செ.மீ. ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. தண்ணீர் 50 கிலோ. மொத்தம் 1115 கிலோ! வயதான கட்டைகளின் தலையில் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிச் சோதிப்பது சோதனை அல்ல, விபரீதம். இதே காரணத்தால்தான் 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை அறையின் நடுவே வைக்கக் கூடாது, அடியில் சுவர் உள்ள இடத்தில் மட்டும் வைக்க வேண்டும்.

அதற்குப் பதில் நாங்கள் செய்தது இது. தூம்பைச் சுத்தம் செய்தோம். பிறகு நான் மேலே ஒவ்வொரு இடமாக ஒரு வாளி ஊற்ற, அப்பா கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். அடைத்த தூம்புக்கு நேர் கீழே உள்ள மூலையில்தான் ஈரம் இறங்கியது. வேறு எங்கும் இல்லை. அரசங்கன்றை மேலே மட்டும் வெட்டினால் போதாது, வேர் உள்ளேயே தடித்துச் சுவரைப் பிளக்கும். நாலு தட்டோட்டைப் பெயர்த்து வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து மூடினோம்.

காணும் பொங்கல்: கீழிருந்து ஏறும் தண்ணீர்

தண்ணீர் கீழே மட்டும் இறங்கும் என்று நினைப்போம். சுவரில் அது மேலேயும் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, செங்கல்லில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக மண்ணின் ஈரம் ஏறும். பாடப்புத்தகத்தில் இதைத் தடுக்கத்தான் டி.பி.சி. போடச் சொல்கிறார்கள், பேஸ்மென்ட் மட்டத்தில் ஒரு கான்கிரீட் பட்டை. பழைய வீடுகளில் பெரும்பாலும் அது கிடையாது. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடும் ஊர் எங்களுடையது, மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

டி.பி.சி. இல்லாமலே அந்த வீடுகள் எப்படி இத்தனை வருடம் நின்றன? விடை சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். ஏறிய ஈரம் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். எங்கள் வீட்டை முன்பு வைத்திருந்தவர் சுவரடியில் ஈரம் தெரிகிறது என்று மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார். வாயை மூடினால் ஈரம் நின்றுவிடுமா? மூன்றடியைத் தாண்டி மேலே ஏறி, நாலாவது அடியில் உப்பாகப் பூத்து, சுவரையே பொரிய வைத்துவிட்டது. அந்தப் பொரிவைப் பார்த்து, இன்னும் ஒரு அடி சிமெண்ட் ஏற்றலாம் என்றுதான் எங்களுக்கும் முதலில் யோசனை வந்தது.

இது சுவரிலிருந்து வரும் ஈரமா, அறைக்குள் உள்ள காற்றின் ஈரமா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வேர்த்தால் சுவரின் ஈரம். வெளிப்பக்கம் வேர்த்தால் காற்றின் ஈரம். எங்களுக்கு உள்பக்கம்தான் வேர்த்தது.

சுண்ணாம்பின் வேதியியலும் முதலாண்டில் படித்ததுதான். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் எரித்தால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றிய சுண்ணாம்பு ஆகும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. மெதுவாக இறுகும், ஆனால் மூச்சு விடும். சிமெண்ட் அப்படியல்ல. தண்ணீரோடு வினைபுரிந்து சீக்கிரம் இறுகும், கெட்டியாக அடைக்கும். 1824ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் பக்கத்து டால்மியாபுரத்தில் 1939ல் ஆலை வந்தது. சிமெண்ட் கெட்டது என்று சொல்ல வரவில்லை, நாளை நமக்குச் சோறு போடப்போவதே அதுதான். ஆனால் சுண்ணாம்பில் பிறந்த சுவருக்குச் சிமெண்ட் சட்டை பொருந்தாது. மேல்நாடுகளிலும் பழைய கட்டடங்களுக்குச் சிமெண்ட் பூசி நொந்துபோய், மறுபடி சுண்ணாம்புக்கே திரும்பியிருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் கோயிலில் பாரம்பரிய முறைப்படி செய்த புனரமைப்புக்கு 2017ல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கிடைத்ததை நாம் எல்லோரும் அறிவோம்.

எனவே அந்த மூன்றடிச் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் சேர்ந்து. சுவர் அம்மணமாக, அசிங்கமாக இருந்தது. காணும் பொங்கலுக்குக் காண வந்த சொந்தக்காரர்கள், "என்னடா, குடி வந்த வீட்டை இடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். கோடை வரை காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் கலந்து பூச வேண்டும் என்று விளக்கினேன். பாதிப் பேர் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை: எடை

இனிமேல் சொல்வதுதான் நான் இக்கட்டுரை எழுதக் காரணம்.

17ஆம் தேதி காலையில் மேஸ்திரி சித்தாளோடு வந்து நின்றார். முன் அறைக்கும் நடு அறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட்டால் பெரிய ஹால் கிடைக்கும் என்று அப்பாவும் அவரும் முன்பே பேசி, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. எனக்கு அன்றுதான் தெரியும். மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் மேலே பார்த்தேன். முன் அறையில் ஏழு கட்டை. ஏழும் தெருப்பக்கச் சுவரிலிருந்து கிளம்பி நேரே இந்த நடுச்சுவரில் வந்து உட்கார்ந்திருந்தன. நடு அறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே, இந்தச் சுவரிலிருந்து முற்றத்துச் சுவருக்கு. ஆக இரண்டு அறைத் தளத்திலும் பாதிப் பாதி இந்த ஒரு சுவரின் தலையில்.

"மேஸ்திரி, இந்தச் சுவத்த எடுக்கக் கூடாது" என்றேன்.

"தம்பி, நான் இருபது வீட்ல எடுத்திருக்கேன். மேல ஒண்ணும் ஆவாது" என்றார்.

அவர் சொன்னதும் பொய்யல்ல. அவர் எடுத்த வீடுகள் தூண், பீம் வைத்துக் கட்டிய ஆர்.சி.சி. வீடுகளாக இருந்திருக்கும். அங்கே எடை தளத்திலிருந்து பீமுக்கு, பீமிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து மண்ணுக்குப் போகும். நடுவே உள்ள சுவர் வெறும் திரைதான். பழைய வீட்டில் தூணே கிடையாது. சுவர்தான் தூண்.

அப்பாவுக்குப் பொறியியல் தெரியாது. ஆனால் அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், எடை தெரியும். மெட்ராஸ் டெரஸ் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்குக் குறையாது. இந்தச் சுவர் தாங்குவது மொத்தத் தளத்தில் பாதி, 120 சதுர அடி, அதாவது 11.1 சதுர மீட்டர். பெருக்கினால் 3300 கிலோவைத் தாண்டுகிறது. சாக்பீஸால் அந்தச் சுவரிலேயே எழுதிக் காட்டினேன்.

"அப்பா, உங்க வண்டி எவ்வளவு ஏத்தும்?"

"அரை டன்."

"ஆறு வண்டி லோடுக்கு மேல இந்தச் சுவர் மேல உக்காந்திருக்குப்பா."

அப்பா கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்தார். பிறகு மேலே கட்டைகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "மேஸ்திரி, அந்தத் தறிக்குழிய மூடுங்க, போதும்" என்றார். அவ்வளவுதான். மேஸ்திரியும் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, "தம்பி சொல்றது சரிதாங்க. நான் மேல பாக்கல" என்று ஒப்புக்கொண்டார். பெரிய மனசு.

ஏணி போட்டதில் இன்னொன்றும் கிடைத்தது. கட்டைகளின் முனைகளை அவர் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். ஆறு கட்டை கல்லு மாதிரி. ஏழாவது கட்டையின் முனை மட்டும் கேக் மாதிரி உள்ளே போனது. எந்தக் கட்டை தெரியுமா? அடைத்த தூம்புக்கு நேர் கீழே இருந்தது. ஒரு பிடி வேப்பிலை தூம்பை அடைக்க, தண்ணீர் தேங்கி, கசிந்து, கட்டை முனையை அழுகவைத்திருக்கிறது. அன்றைக்கு நடுச்சுவரில் கடப்பாரை விழுந்திருந்தால், நல்ல கட்டை ஆறும் பிடிமானம் இழந்திருக்கும், கெட்ட கட்டை ஒன்று முதலில் இறங்கியிருக்கும். கீழே அம்மா சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றே அந்தக் கட்டைக்கு மேலும் கீழும் பலகை வைத்துச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தோம். நிரந்தரமாக இரும்புச் சானல் வைத்துத் தாங்குவது கோடை வேலைகளில் முதலாவது.

சனி, ஞாயிறு

சனிக்கிழமை தறிக்குழி மூடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காய்ந்த சுவர்களுக்கு மட்டும் வெள்ளையடித்தோம். அம்மாவுக்கு ரோஸ் கலர் பெயிண்ட் அடிக்க ஆசை. அது சுவரின் மூச்சை மறுபடி அடைக்கும் என்பதால் சுண்ணாம்புதான், கொஞ்சம் நீலம் கலந்து. சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். மண்தொட்டியோ இரும்பு டிரம்மோ போதும்.

நண்பர்கள் வெட்டி வைத்துக்கொள்ளச் சுருக்கமாக:

1. காலி செய்த வீட்டைத்தான் பார்க்க வேண்டும். சாமான் இறக்கிய பிறகு ஒன்றும் தெரியாது.
2. மெயினை ஆஃப் செய்து, எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் உண்டா என்று முதலில் பார்க்கவும்.
3. தூம்பைச் சுத்தம் செய்யவும். பழைய மாடியில் தண்ணீர் கட்டிச் சோதிக்க வேண்டாம்.
4. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச வேண்டாம்.
5. எந்தச் சுவரையும் இடிக்கும் முன், மேலே கட்டை எந்தத் திசையில் போகிறது என்று அண்ணாந்து பார்க்கவும். சந்தேகம் இருந்தால் அனுபவமுள்ள பொறியாளரைக் கூப்பிடவும்.

திங்கட்கிழமை நான் கல்லூரிக்கு வந்துவிட்டேன். முன் அறையின் நடுச்சுவரில் நான் சாக்பீஸால் போட்ட கணக்கு அப்படியே இருக்கிறது. வெள்ளையடித்தபோது எல்லாச் சுவரையும் அடித்த அப்பா, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நம்மில் பல பேர் வீட்டில் நாம்தான் முதலில் படிக்க வந்தவர்கள். நாம் எழுதும் பரீட்சையில் என்ன கேட்கிறார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் 'லோடு' என்ற பாடம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.